தாம்சன் கட்சி

“அண்ணே, பெரிய கேள்வியே அணுதான்! உன் கட்சியத்தான் எழுதி வச்சிட்டு வந்திருக்கேன்!”

புக்கிட் ரோத்தான் முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய நல்லம்மாள், ஓடிவந்து மூச்சு வாங்க இதைச் சொன்னபோது அர்ஜுனனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். தங்கை எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையில் ரசாயனத் தாளை முடித்துவிட்டு வருகிறாள், முகமெல்லாம் பல்லாக வருகிறாள், அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்?

“என் கட்சின்னா?”

“தாம்சன் கட்சிதாண்ணே, வேற எது? ரெண்டு பேரோட அணு மாதிரியும் படம் போட்டு, தங்கத் தகடு சோதனையில எது சரியின்னு தெரியுது, காரணம் எழுதுன்னு கேட்டிருந்தான். மொதல்ல ரதர்ஃபோர்டுன்னு ஒரு வரி எழுதிட்டேன். அப்புறம்தான் நீ மேடையில பேசினது ஞாபகம் வந்துச்சு. டக்குன்னு அதக் கோடு போட்டு அடிச்சிட்டு, தாம்சன்னு ஒன்றரைப் பக்கம் எழுதினேன்லா!”

சிரித்த வாய் சிரித்தபடியே நின்றது. மூட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரனை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். நல்லம்மாள்தான் அண்ணன் முதுகில் தட்டி, “வண்டிய எடுண்ணே, திட்டப் போறான்” என்றாள்.

வண்டியை எடுத்தான். எப்படி எடுத்தான், எந்தப் பக்கம் திருப்பினான் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. பின்னால் உட்கார்ந்தவள் எழுதியதை ஒப்பித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வரியும் அவனுடைய வரி. அவன் மேடையில் கைதட்டல் வாங்கிய அதே வரிகளை, ஒன்று விடாமல், மலாயில் மொழிபெயர்த்துப் பரீட்சைத் தாளில் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறாள் பாவி மகள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வரிசையில் விஞ்ஞானப் பிரிவில், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரைக்கும் போன முதல் பெண் நல்லம்மாள். பெரியாஸ்பத்திரி மருந்தகத்தில் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்பது அவளுக்கு இரண்டு வருடத்து வெறி. மற்ற பாடங்கள் எப்படி இருந்தாலும் ரசாயனத்தில் கிரெடிட் தேர்ச்சி இல்லாவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். அதற்காகவே காலை நாலு மணிக்கு எழுந்து படித்தாள். அம்மா அன்னம்மாவும், எண்ணெய்க்கான செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும், மகளுக்கு ஒரு மைலோ கலக்கி வைக்காமல் போனதில்லை.

அப்படிப்பட்ட பாடத்தில், அப்படிப்பட்ட கேள்விக்கு, அணு என்பது லட்டு மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறாள். எழுபது வருடத்துக்கு முன்னாலேயே தூக்கிப் போட்ட கதையை எழுதியிருக்கிறாள்.

இது எப்படி வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தோட்டத்து இளைஞர் மன்றம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பட்டிமன்றம் வைக்கும். மாமியாரா மருமகளா, பணமா குணமா என்று கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கே காது புளித்துப்போயிருந்தது. அந்த வருடம், அதாவது எண்பத்து நாலில், நடுவர் நாராயணசாமி ஒரு குதி குதித்தார். நாராயணசாமி தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. இருபத்தெட்டு வருட சர்வீஸ். அவர் ஒன்று சொன்னால் அந்தத் தோட்டத்தில் மறுபேச்சு கிடையாது. “உலகம் ராக்கெட்டுல போவுது, நாம இன்னும் மாமியார் வீட்டு அடுப்படியிலயே நிக்கிறோம். இந்த வருஷம் விஞ்ஞானம்யா!” என்றார். தலைப்பையும் அவரே வைத்தார்: அணுவின் உருவத்தைச் சரியாகக் கண்டவர் தாம்சனா, ரதர்ஃபோர்டா? பேரனின் பள்ளிப் புத்தகத்தில் அந்த இரண்டு படத்தைப் பார்த்திருக்கிறார், மனிதருக்குப் பிடித்துப்போய்விட்டது. விடை தெரிந்த கேள்வியை யாராவது பட்டிமன்றத்துக்கு வைப்பார்களா என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

சீட்டுக் குலுக்கியதில் அர்ஜுனனுக்குத் தாம்சன் வந்தார். ரதர்ஃபோர்டு கட்சி உதுமானுக்கு. உதுமான் கோலா சிலாங்கூர்க்காரன். வாப்பா கனி பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். இவன் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். நல்லம்மாள் படித்ததும் அதே பள்ளியில்தான். ஆய்வுக்கூடத்துக் குப்பிகளைக் கழுவி அடுக்குகிறவன் ரதர்ஃபோர்டு கட்சி, நிறுவைக் கொட்டகையில் செம்பனைக் குலை எடை எழுதுகிறவன் தாம்சன் கட்சி. ஆனால் அர்ஜுனன் கையில் மைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம். மூன்று வருடமாக அவனை யாரும் ஜெயித்ததில்லை. அந்தத் திமிரும் அவனிடம் கொஞ்சம் நஞ்சமல்ல.

தங்கையின் ரசாயனப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். பள்ளியில் இரவல் கொடுத்த ஒரே புத்தகம். நல்லம்மாள் மூன்று தடவை கேட்டாள். “அந்தப் பாடம் எடுக்கிறப்ப டீச்சர் பிரசவ லீவுல போயிட்டாங்கண்ணே, எனக்குச் சரியா ஓடல. புத்தகத்தக் குடு, திரும்பப் பாக்கணும்” என்றாள். மூன்றாவது தடவை அர்ஜுனன் தன் குறிப்பு நோட்டைத் தூக்கிக் கொடுத்தான். “புத்தகம் எதுக்கு? எல்லாத்தையும் தமிழ்லயே சாறு புழிஞ்சு வச்சிருக்கேன், இதப் படி.”

சாறுதான். தாம்சனுக்கு வேண்டிய சாறு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபம் பிதுங்கியது. உதுமான் முதலில் எழுந்தான். பையன் நன்றாகத்தான் பேசினான். “தாம்சன் என்ன சொன்னார்? அணுங்கிறது நேர்மின்னால ஆன ஒரு உருண்டை, அதுல அங்கங்க எலக்ட்ரான் பதிஞ்சிருக்குன்னார். ரதர்ஃபோர்டு ஆளுங்க மெல்லிசான தங்கத் தகட்டுல ஆல்ஃபாத் துகள அடிச்சுப் பாத்தாங்க. எல்லாம் சொய்ங்குன்னு உள்ள பூந்து போயிருச்சு. ஆனா எட்டாயிரத்துல ஒண்ணு, அடிச்ச பக்கமே திரும்பி வந்திருச்சு! கொசுவலையில கல்லு விட்டெறிஞ்சா அது உங்க நெத்தியிலயே வந்து அடிச்சா எப்படி இருக்கும்? ஆடிப்போயிட்டாங்க. அணு முக்காவாசி வெத்து இடம், நடுவுல கடுகத்தனை கெட்டியா ஒரு கரு இருக்கு, அதுல மோதித்தான் திரும்புதுன்னு அப்பதான் தெரிஞ்சிச்சு.”

அப்புறம் நம்ம ஆள் எழுந்தான். தீபாவளி லட்டு ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்தான்.

“பாத்துக்குங்க, இதுதான் தாம்சன் அணு. மாவு முழுக்க நேர்மின்னு, திராட்சை எல்லாம் எலக்ட்ரான். நல்லா நெறைஞ்சு இருக்கா இல்லியா? நண்பர் உதுமான் என்ன சொல்றார்? உள்ள ஒண்ணுமே இல்லியாம், வெத்து இடமாம்! அப்ப நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி வெத்து இடம், உக்காந்திருக்கிற நீங்களும் வெத்து இடம். நம்ம மண்டோர் தொப்பையும் வெத்து இடமா?” மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோரே தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “எட்டாயிரத்துல ஒண்ணு திரும்பி வந்துச்சாம். ஏன்யா, எட்டாயிரம் பேர் ஓட்டுப் போட்டு, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது ஓட்டு ஒரு பக்கம் விழுந்தா, ஜெயிச்சது யாரு?” கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டான். “கருவச் சுத்தி எலக்ட்ரான் ஓடிக்கிட்டே இருக்காமே. ஓடுனா சக்தி செலவாகாதா? செலவான அப்புறம் சுருண்டு நடுவுல வந்து விழாதா? அப்படிப் பாத்தா ரதர்ஃபோர்டு வீடு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இடிஞ்சு விழுந்திருக்கணும். பதில் இருக்கா உங்ககிட்ட?”

உதுமானிடம் பதில் இல்லை. ரதர்ஃபோர்டிடமும் அன்றைக்கு இல்லைதான். ஆனால் புத்தகத்தில் இருந்தது. அதே பக்கத்தில், அடுத்த பத்தியிலேயே, நீல்ஸ் போர் என்கிறவர் அந்தக் கரு கருவாகவே இருக்கட்டும், எலக்ட்ரான் இன்னின்ன பாதையில் ஓடும்போது சக்தி குறையாது என்று சொன்னதைப் போட்டிருந்தார்கள். அந்தப் பத்தியை அர்ஜுனன் இரண்டு தடவை படித்தான். நோட்டில் எழுதவில்லை. எதிர்க்கட்சிக்கு நாமே எடுத்துக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டான்.

நாராயணசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “வாதத்தின் அடிப்படையில், அணுவின் உருவத்தைச் சரியாகக் கண்டவர் தாம்சனே, தாம்சனே, தாம்சனே!” அந்தத் தோட்டத்து வழக்கப்படி தோற்ற கட்சித் தலைவர் எழுந்து நின்று, தீர்ப்பை மனதார ஏற்கிறேன் என்று சொல்லி, ஜெயித்தவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். உதுமான் அதைச் சிரித்த முகத்தோடு செய்தான். முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த நல்லம்மாளைப் பார்த்து அர்ஜுனன் கண்ணடித்தான்.

இந்த இடத்தில் அவனைப் பிடித்து நாலு அறை விட்டால் தேவலை என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும்தான். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் நானும் கைதட்டித்தான் இருப்பேன்.

தங்கையை லயத்தில் இறக்கிவிட்டு அர்ஜுனன் நேராகக் கோலா சிலாங்கூருக்கு வண்டியை விட்டான். கனியின் கடையில் மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. உதுமான் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உதுமான், அந்தப் பிள்ளை தாம்சன்னு எழுதிருச்சுப்பா.”

“எந்தப் பிள்ளை? எங்க எழுதிச்சு?”

சொன்னான். உதுமான் பேப்பரை மடிக்கக்கூட இல்லை, அப்படியே கீழே விட்டான்.

“யா அல்லா! அறிவு இருக்கா அதுக்கு? நான் ஏத்துக்கிறேன்னு சொன்னது மேடை மரியாதைக்குப்பா! பொன்னாடை போத்துறப்ப எல்லாரும் சொல்றதுதானே!” என்றவன், சட்டென்று நிறுத்தினான். “இரு, இரு. பட்டிமன்றத்துக்கு மறுநா, திங்கக்கிழமை, லேப்புக்கு வந்துச்சு அர்ஜுனா. உதுமாண்ணே, அப்ப தாம்சன்தான் சரியான்னு கேட்டுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“தீர்ப்பு வந்திருச்சே, இனி அப்பீல் ஏதுன்னு சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன்பா. அதுவும் சிரிச்சிச்சு. விளையாட்டுன்னு அதுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

யாரைப் பிடிக்கலாம், யாரிடம் சொல்லலாம் என்று அர்ஜுனன் கேட்டான். தாளெல்லாம் எண்ணிக் கட்டி அரக்கு வைத்து அப்போதே அனுப்பியாயிற்று, யாரிடமும் ஒன்றும் சொல்ல முடியாது என்றான் உதுமான். “அது ஒரு கேள்விதானே, மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்கும். இப்ப அதுகிட்ட வாயத் தொறக்காத. வியாழக்கிழமை உயிரியல் இருக்கு. மனசு ஒடைஞ்சா அதுவும் போயிரும். எல்லாம் முடியட்டும்லா, பெறகு சொல்லிக்கலாம்.”

சரிதான் என்று பட்டது. சொல்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அர்ஜுனன் திரும்பினான். வழியில் நிறுவைக் கொட்டகையில் கிடந்த ரசாயனப் புத்தகத்தை மட்டும் எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். எங்கேயாவது கண்ணில் படாமல் வைத்துவிட வேண்டும் என்ற நினைப்பு, அவ்வளவுதான். பேசிப் பேசியே பேர் வாங்கினவனுக்கு, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பதே அன்றைக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நல்லம்மாள் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்னம்மா அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் பரீட்சை நல்லபடியாக எழுதிவிட்டாள் என்று அன்றைக்கு மீன்.

“அண்ணே, வந்திட்டியா! இங்க உக்காரு. இருதயம் எப்படி ரத்தத்த அனுப்புதுன்னு நீ ஒரு தடவ சொல்லு. நீ சொன்னா அப்படியே மண்டையில நிக்குது. உயிரியலுக்கும் உன் பேச்சு மாதிரியே எழுதிட்டு வந்திர்றேன்.”

எத்தனை மேடை ஏறினவன்! நானூறு பேருக்கு முன்னால் நாக்குப் பிசகாதவன்! தங்கச்சி கேட்ட ஒரு பாடத்தைச் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். இவள் வியாழக்கிழமையும் தன்னை நம்பியே எழுதப் போகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தான். பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தான்.

“நல்லம்மா, இனிமே எம்பேச்ச எழுதாத. இதப் படி.”

அவள் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். விரலை வரிக்கு வரி வைத்து, உதடு அசைய, கடைசிப் பத்தி வரைக்கும் வந்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று அர்ஜுனனுக்குத் தெரியவில்லை.

“ரதர்ஃபோர்டுதானே சரின்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“நான் மொதல்ல அதத்தானே எழுதினேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எலக்ட்ரான் விழுந்திரும்னு சொன்னியே. அதுக்கும் இங்கயே பதில் போட்டிருக்கே. இத நீ படிக்கலியா?” அவள் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அண்ணன் படிக்கவில்லை, தெரியாமல் பேசிவிட்டான் என்று சொல்லிவிட மாட்டானா என்று அவள் முகம் கெஞ்சியது. பொய் சொல்லியிருக்கலாம்.

“படிச்சேன்.”

“எப்ப?”

“பேசுறதுக்கு முன்னாடியே.”

நல்லம்மாள் அவனையே பார்த்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான், கத்தியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவள் ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“படிச்சிட்டா அப்படிப் பேசுன?”

அவ்வளவுதான் கேட்டாள். புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்னம்மாவுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை; ஆனால் மகளின் குரல் விளங்கியது. “என்னடா செஞ்ச?” என்று கரண்டியோடு வந்து நின்றாள். அர்ஜுனன் தன் வாயாலேயே சொன்னான், ஒன்று விடாமல். லட்டு, ஓட்டு, விட்டுவிட்ட பத்தி எல்லாம். மீன் கருகிப்போயிற்று. அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

மார்ச்சில் ரிசல்ட் வந்தது. உயிரியலில் நாலு. கணக்கில் மூன்று. ரசாயனத்தில் ஏழு. எண் குறையக் குறையத்தான் உசத்தி; ஆறு வாங்கியிருந்தால் கிரெடிட். ஒரே ஒரு படி. அந்த ஒன்றரைப் பக்கம் எங்கே விழுந்தது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விண்ணப்பப் பாரத்தை நல்லம்மாள் நிரப்பாமலே மடித்து வைத்துவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போக விடிகாலையில் கிள்ளானிலிருந்து ஃபேக்டரி பஸ் வந்துகொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அதில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லியாயிற்று. இன்னொரு தடவை எழுது, பரீட்சைக் கட்டணத்துக்கு நான் டுயிட் கட்டுகிறேன் என்று அர்ஜுனன் சொல்லிப் பார்த்தான். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அவனிடம் அவள் கோபமாக இல்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள். பாடத்தில் மட்டுமல்ல, பேப்பரில் வந்த ஒரு சேதியைக்கூட அவனிடம் இது நிஜமா என்று அவள் கேட்பதில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் நாராயணசாமி வாசலில் வந்து நின்றார். சித்திரைக்குப் பட்டிமன்றம், பக்கத்து நாலு தோட்டமும் சேர்ந்து வைக்கிறார்களாம்.

“அர்ஜுனா, தலைப்பு பிரமாதம்யா! பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒசத்தி படிப்பா, கல்யாணமா? உனக்கு எந்தக் கட்சி வேணும், நீயே சொல்லு. ஒனக்குப் போகத்தான் மத்தவனுக்கு.”

அர்ஜுனன் வாயைத் திறந்தான். பேசப் போவதில்லை என்று சொல்லத்தான் திறந்தான். அதற்குள், ஃபேக்டரியில் கொடுத்த நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நல்லம்மாள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“எதக் குடுத்தாலும் பேசும் சார் எங்கண்ணன்.”

நாராயணசாமி வாய்விட்டுச் சிரித்தார். “சரியாச் சொன்னம்மா! அதான்யா பேச்சாளன்!” என்று அர்ஜுனன் முதுகில் தட்டினார். நல்லம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தாள்.